புளியரை ஏற்றமும் இரண்டு கம்ப்யூட்டர்களும்

என்னிடம் இருப்பது ஒரே ஒரு லாரி. 2017-ஆம் ஆண்டு ஆவணியில் பதிவு செய்த, ஆறு சிலிண்டர் இன்ஜின் கொண்ட, பாரத் ஸ்டேஜ் 4 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட பி.எஸ்.4 வண்டி. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3 வண்டிகளை விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டீசல் பம்பும், டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலும் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருந்தால் காலம் தள்ளிவிடலாம் என்றிருந்த பழைய மாடலின் மீதான ஆசையை விட்டுவிட்டு, டீசல் எப்போது எவ்வளவு பாய வேண்டும் என்பதையே ஒரு மின்னணுப் பெட்டி தீர்மானிக்கிற இந்த வண்டியைக் கடன் போட்டு எடுத்தேன். அந்தப் பெட்டியைக் கம்பெனிக் காகிதங்களில் ஈசிஎம் என்று எழுதுவார்கள். அம்பாசமுத்திரம் முதல் பேட்டை வரை எந்த ஷெட்டில் கேட்டாலும் அதற்குக் கம்ப்யூட்டர் என்றுதான் பெயர். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஆறேழு ஆண்டுகள் அது இருக்கும் இடமே எனக்குத் தெரியாமல் ஓடியது. 2024 ஆடி மாதம், அம்பாசமுத்திரத்தில் புழுங்கலரிசி ஏற்றிக்கொண்டு கடையம், தென்காசி, செங்கோட்டை வழியாகப் புனலூர் போன வண்டி, புளியரையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் தன் வேலையைக் காட்டியது. சாரல் பெய்துகொண்டிருந்த மாலை நேரம். டிரைவர் போனில் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "அண்ணாச்சி, வண்டி இழுக்க மாட்டேங்கு. புகையும் இல்ல, தட்டவும் இல்ல. பாதி வண்டி மாதிரி இருக்கு."

இந்தப் பழுதை இதைவிடச் சரியாக வேறு யாரும் சொல்லவில்லை என்பது பின்னால்தான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு நான் அவரிடம் யூரியா டாங்கைப் பார்க்கச் சொன்னேன். யூரியா டாங்க் வைத்த பி.எஸ்.4 லாரிகளில் புகைபோக்கியில் தெளிக்கும் யூரியாக் கரைசல் தீர்ந்தாலோ தரம் கெட்டாலோ வண்டியே தன் இழுவையைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் அந்த எண்ணம் வந்தது. டாங்க் முக்கால் அளவு நிறைந்திருந்தது. வண்டியை நிறுத்திச் சாவியை அணைத்துப் போட்டால் பழையபடி இழுக்கிறது, இரண்டு வளைவு ஏறியதும் மறுபடி அடங்கிப்போகிறது என்றார். அப்படியே அணைத்தும் போட்டும் கோட்டைவாசல் வரை ஏற்றிவிட்டார். ஒவ்வொரு முறை சாவி போட்டதும் கம்ப்யூட்டருக்குள் ஒரு அடி விழுந்துகொண்டிருந்தது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

திரும்பி வந்ததும் டீசல் ஃபில்டர் மாற்றினோம். டர்போ ஹோஸில் காற்று கசிகிறதா என்று பார்த்தோம். சமதரையில் காலி வண்டி ஓட்டிப் பார்த்தால் குறையே இல்லை. அடுத்த லோடில், அதே ஏற்றத்தில், அதே கதை. இந்த முறை சாவியை அணைத்துப் போட்டும் இழுவை திரும்பவில்லை.

ஷெட்டில் ஸ்கேனர் போட்டபோது 1, 2, 3 ஆகிய மூன்று நாசில்களின் மின்சுற்றிலும் கோளாறு என்று வந்தது. மூன்று சிலிண்டர் செத்த வண்டி தடதடவென்று உதறாதா, எப்படி இவ்வளவு சீராக ஓடுகிறது என்று நான் கேட்டதற்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை. பதிலை நானே பின்னால் காகிதத்தில் எழுதிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆறு சிலிண்டர் இன்ஜினில் டீசல் எரிகிற வரிசை 1, 5, 3, 6, 2, 4. அதாவது முன்பக்க மூன்றில் ஒன்று, பின்பக்க மூன்றில் ஒன்று என்று மாறி மாறி வருகிறது. கம்ப்யூட்டருக்குள் நாசில்களை இயக்கும் பகுதியும் இரண்டு கூறாகவே இருக்கிறது. என் வண்டியில் 1, 2, 3 ஒரு கூறு, 4, 5, 6 மற்றொரு கூறு. முன்கூறு முழுவதும் நின்றுவிட்டால் ஒன்றுவிட்டு ஒன்று சிலிண்டர் நிற்கும். மீதி மூன்றும் சம இடைவெளியில் எரிந்துகொண்டே இருக்கும். உதறல் பெரிதாகத் தெரியாது, சத்தம் கொஞ்சம் தணியும், பலம் மட்டும் பாதியாகும். டிரைவர் சொன்ன பாதி வண்டி அதுதான்.

ஷெட்காரர் தர்க்கம் சரியாகத்தான் போனது. "மூணு நாசிலும் ஒரே நாள்ல சொல்லி வச்சு கெட்டுப்போகாது அண்ணாச்சி. மூணுக்கும் பொதுவா இருக்கது கம்ப்யூட்டர்தான். அது போயிட்டு." மூன்றுக்கும் பொதுவானதைத் தேடியது நல்ல மெக்கானிக்கின் புத்தி, ஆனால் அந்த மூன்றில் ஏதேனும் ஒரு நாசிலின் ஒயர் பாடியில் பட்டாலும் கம்ப்யூட்டர் தன்னைக் காத்துக்கொள்ள அந்தக் கூறு முழுவதையும் நிறுத்திவிடும் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. மீட்டரை எடுத்து ஒயரில் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பழி முழுவதையும் அவர் தலையில் போட எனக்கு மனமில்லை. அதற்குக் காரணம் கீழே வருகிறது.

இடையில் ஊரில் எல்லோரும் வெள்ளத்தைக் குற்றம் சொன்னார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவான அந்த மழையில், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் நிறுத்தியிருந்த என் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது உண்மை. வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் தண்ணீர் ஒயருக்குள்ளேயே ஊர்ந்து போய், மாதங்கள் கழித்து, ஒயர்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கப்ளரின் பின்களில் பச்சைக் களிம்பாக வெளிப்படுவதும் உண்டு. ஆனால் என் வண்டியின் கப்ளரைத் திறந்தபோது பின்கள் புதுக்காசு போல இருந்தன. அந்தச் சந்தேகம் அத்தோடு முடிந்தது.

புது கம்ப்யூட்டர் 68,000 ரூபாய், வர இருபது நாள் ஆகும் என்றார்கள். தெரிந்தவர் மூலம் உடைத்த லாரி ஒன்றிலிருந்து எடுத்த பழைய கம்ப்யூட்டர் 22,000 ரூபாய்க்குக் கிடைத்தது. பழையதை வாங்கி மாட்டுகிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற வேலை இதில் கால் பங்குகூட இல்லை.

முதலில் நம்பர். கம்ப்யூட்டரின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள பாக நம்பர் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அது ஒன்றாக இருந்தாலே உள்ளே இருக்கும் மென்பொருளும் ஒன்று என்று பொருளில்லை. நான் வாங்கியது ஒரு டிப்பரில் இருந்தது. டிப்பருக்குச் சட்டப்படி வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரில் கட்டப்பட்டிருக்கும். என் சரக்கு லாரிக்கு 80. அதை அப்படியே மாட்டியிருந்தால் நாற்கரச் சாலையிலும் என் வண்டி மாட்டுவண்டிக்கு வழிவிட்டுக்கொண்டுதான் போயிருக்கும். அதனால் பழுதான கம்ப்யூட்டரில் உள்ள தகவல் முழுவதையும் படித்து எடுத்து, வாங்கியதில் அப்படியே பதிந்தோம். சேஸிஸ் நம்பர், வேக அளவு, ஓடிய மணிக்கணக்கு, நாசில் குறியீடுகள் எல்லாம் அதோடு வந்துவிடும். நாசில் குறியீடு என்பது சிறிய விஷயமில்லை. ஒவ்வொரு நாசிலும் தயாராகும்போதே மயிரிழை வேறுபாட்டோடுதான் வருகிறது. அந்த வேறுபாட்டை எழுத்தும் எண்ணுமாக அதன் தலையில் பொறித்திருப்பார்கள். கம்ப்யூட்டர் அதைப் படித்துத்தான் எந்தச் சிலிண்டருக்கு எவ்வளவு நேரம் நாசிலைத் திறப்பது என்று திருத்திக்கொள்ளும். பழைய கம்ப்யூட்டர் படிக்கவே முடியாதபடி செத்திருந்தால் மேல் கவரைக் கழற்றி ஆறு நாசில் தலைகளையும் துடைத்துக் கண்ணால் படித்து எழுத வேண்டியிருந்திருக்கும். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. செத்தது நாசிலை இயக்கும் பகுதி மட்டும்தான், நினைவகம் உயிரோடு இருந்தது.

அடுத்தது பேட்டரி. இது இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் வண்டி. சாவியை அணைத்த கையோடு டெர்மினலைக் கழற்றக் கூடாது. யூரியாக் குழாயில் மிஞ்சியிருப்பதை பம்ப் திரும்ப டாங்குக்கு இழுத்துக்கொள்ளச் சிறிது நேரம் எடுக்கும். அதற்குள் மின்சாரத்தை நிறுத்தினால் மிஞ்சியது உள்ளேயே காய்ந்து உப்பாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். பின்பக்கம் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டு எல்லாம் அடங்கும் வரை காத்திருந்து, நெகட்டிவை முதலில் கழற்றினோம். பாடி கட்டும் இடங்களில் வெல்டிங் வைக்கும் முன்பும் பேட்டரியையும் கம்ப்யூட்டர் கப்ளரையும் கழற்றச் சொல்லுங்கள். அவர்களாகச் செய்ய மாட்டார்கள்.

கம்ப்யூட்டர் இன்ஜினின் இடப்பக்கத்தில் ரப்பர் புஷ் வைத்த நான்கு போல்ட்டுகளில் தொங்குகிறது. ரப்பரில் தொங்குவதால் அதற்குப் பின்னல் கம்பியில் தனி எர்த் உண்டு. கழற்றும்போது கையில் வந்துவிடும், மாட்டும்போது மறந்துவிடும். நாங்களும் மறந்தோம். கடைசி போல்ட்டை முறுக்கிய பிறகு தரையில் ஏதோ பளபளக்கிறதே என்று கிளீனர் பையன் எடுத்துக் காட்டினான். அது உட்கார வேண்டிய இடத்தைச் சுரண்டி, பெயின்ட் போக்கி மாட்டினோம். வண்டி ஒரே செல்ஃபில் பிடித்தது. ஸ்கேனரில் கோளாறு எதுவும் இல்லை. ஷெட்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதினோரு நாள் ஓடியது.

பன்னிரண்டாம் நாள் நானும் வண்டியில் இருந்தேன். புளியரை கோவிலைத் தாண்டி மூன்றாவது வளைவில் சத்தம் தணிந்தது. டிரைவர் என் முகத்தைப் பார்த்தார். மறுபடி சாவி போடாதே என்று சொல்லி ஓரங்கட்டச் சொன்னேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான், அதையும் காரணம் தெரிந்து செய்யவில்லை, பயத்தில் செய்தேன். லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டுக் கடையத்தில் இருக்கும் ஒரு எலக்ட்ரீஷியன் தம்பிக்குச் சொல்லி அனுப்பினேன். பாலிடெக்னிக் முடித்தவர், முப்பது வயதுகூட இருக்காது. பைக்கில் ஒரு பையோடு வந்தார். ஸ்கேனரை வெளியே எடுக்கவே இல்லை. கேட்ட முதல் கேள்வி இது:

"ஏத்தத்துல மட்டுந்தான் நிக்குதா அண்ணாச்சி, கீழயும் நிக்குதா?"

"ஏத்தத்துல மட்டுந்தான் தம்பி."

"சூடாயி நிக்குதுன்னா எறக்கத்துலயும் கொஞ்ச நேரம் நிக்கணும். இது இன்ஜின் முறுக்கும்போது எதோ தொடுது."

லோடு வண்டி ஏற்றத்தில் ஏறும்போது இன்ஜின் தன் தாங்கிகளின் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.  அதைத்தான் அவர் முறுக்கு என்றார். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரின் நாசில் கப்ளரையும் கழற்றினார். பையிலிருந்து எடுத்தது மீட்டரின் வழக்கமான தடித்த முனை இல்லை. அந்தக் கப்ளருக்குள் போகிற அதே அளவு பின் ஒன்றை ஒயர் நுனியில் பொருத்தி வைத்திருந்தார். தடித்த முனையைக் குத்தினால் உள்ளே இருக்கும் துளை அகன்றுபோய்ப் பிறகு பின் இறுகப் பிடிக்காது, இல்லாத பழுதை நாமே உண்டாக்கியதாகிவிடும் என்றார்.

முதலில் ஆறு நாசில்களின் ஓம், அதாவது மின்தடை, பார்த்தார். நல்ல நாசில் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். ஆனால் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டாலே அந்த மீட்டர் 0.4 காட்டியது. அதைக் கழித்துக்கொண்டு ஆறையும் ஒப்பிட்டார். ஆறும் ஒன்றாகவே இருந்தன, ஆகவே நாசில் குற்றவாளி இல்லை. பிறகு ஒரு முனையை இன்ஜின் பிளாக்கில் வைத்து மறு முனையை ஒவ்வொரு நாசில் ஒயரிலும் வைத்தார். எதுவும் பாடியைத் தொடக் கூடாது, எதுவும் தொடவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது, இந்தக் கம்ப்யூட்டரும் போய்விட்டதோ என்று. அவர் அலட்டிக்கொள்ளாமல் டிரைவரைக் கூப்பிட்டு, கடப்பாரையை இன்ஜின் தாங்கிக்கு அடியில் கொடுத்து மெதுவாக நெம்பச் சொன்னார். மீட்டர் சத்தம் போடும் நிலையில் இருந்தது. ஒன்றாம் ஒயர், அமைதி. இரண்டாம் ஒயரில் வைத்து நெம்பியதும் கீச்சென்று கத்தியது. விட்டதும் நின்றது. மறுபடி நெம்பினால் மறுபடி கத்தியது. சாரலில் நனைந்துகொண்டு நாங்கள் மூன்று பேரும் நாலைந்து தரம் அதையே செய்து பார்த்தோம், குழந்தைகள் மணியடித்துப் பார்ப்பது போல.

ஒயர்க்கட்டை விரலால் தடவிக்கொண்டே போனவர் ஏர் பைப் தாங்கி அருகே நின்றார். அங்கே ஒயர்க்கட்டைச் சேர்த்து ஒரு கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது; வீடு கட்டும்போது கம்பிக்குக் கம்பி கட்டுகிற அதே மெல்லிய இரும்புக் கம்பி, துருப்பிடித்துச் சிவந்திருந்தது. வெட்டி எடுத்துப் பார்த்தால், நெளிவுக் குழாயை அறுத்து, உள்ளே ஒரு ஒயரின் மேல்தோலையும் அறுத்து, ஒரு அரிசி அளவுக்குச் செம்பு பளிச்சென்று தெரிந்தது. ஒயர்க்கட்டு இன்ஜினோடு சேர்ந்து ஆட வேண்டியது. ஏர் பைப் தாங்கி சேஸிஸோடு நிற்பது, ஆடாது. இரண்டையும் சேர்த்துக் கட்டினால், இன்ஜின் சாயும்போதெல்லாம் கம்பி ஒயரை அறுத்துக்கொண்டே இருக்கும். அறுத்து முடித்ததும் அந்தக் கம்பியே ஒயரைச் சேஸிஸோடு இணைக்கும் எர்த் ஆகிவிடும்.

அந்தக் கட்டுக்கம்பியைக் கொடுத்தது நான். முந்தின ஆண்டு வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பட் வேலைக்காகக் கவரைக் கழற்றியபோது ஒயர்க்கட்டைப் பிடித்திருந்த ரப்பர் வைத்த கிளிப் உடைந்துபோனது. கடையில் அன்று கிடைக்கவில்லை. மில்லில் லோடு காத்துக்கிடந்தது. டூல் பாக்ஸில் இருந்த கம்பிச் சுருளிலிருந்து ஒரு முழம் வெட்டி நானே கையில் கொடுத்து, "இப்போதைக்குக் கட்டும், பொறவு பாத்துக்கிடலாம்" என்று சொன்னது தெளிவாக நினைவுக்கு வந்தது. எலக்ட்ரீஷியன் தம்பியிடம் அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை.

அறுந்த இடத்தை வெட்டி, புதுத் துண்டு வைத்து ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, புது நெளிவுக் குழாய்க்குள் விட்டு, இன்ஜினிலேயே ஒரு போல்ட்டில் ரப்பர் கிளிப்பால் பிடித்தார். கிளிப்பின் விலை 40 ரூபாய். கோளாறுகளை அழித்து வண்டியை எடுத்தபோது ஆறு சிலிண்டரும் எரிந்தன. இரண்டாவது கம்ப்யூட்டர் பிழைத்துக்கொண்டது, மறுபடி மறுபடி சாவி போடாததால்தான் என்று அவர் சொன்னார். இன்ஜின் ஓடும்போது நாசில் ஒயரில் பேட்டரியின் 24 வோல்ட்டைவிட உயர்த்திய மின்னழுத்தம் பாயும், அதை விளையாட்டாகவும் கையால் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டு, 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு பைக்கை எடுத்தார்.

முதல் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாமல், போர்டு பழுது பார்க்கும் ஒருவருக்குக் கோவைக்கு அனுப்பினேன். முன்கூறு நாசில்களுக்கு மின்சாரம் விடும் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று மாற்றி அனுப்பினார், 9,000 ரூபாய். ஆக அது உண்மையிலேயே செத்துத்தான் இருந்தது. முதல் ஷெட்காரர் சொன்னது பொய்யில்லை. யார் கொன்றது என்று கேட்காமல் விட்டதுதான் பிழை, அதைக் கேட்டிருந்தால் அவர் என்னிடம்தான் வந்து நின்றிருப்பார். இப்போது அதில் என் வண்டியின் தகவலே இருப்பதால் நேராக மாட்டிக்கொள்ளலாம். பழைய வேட்டியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். வீட்டில் அதை நகைப்பெட்டி என்கிறார்கள்.

கட்டுக்கம்பிச் சுருள் இன்னும் டூல் பாக்ஸில்தான் கிடக்கிறது, தார்ப்பாய் கொக்கிக்கு அது இல்லாமல் முடியாது. கேபினைத் தூக்கியிருக்கும்போது மட்டும் நான் அந்தப் பெட்டியைத் திறக்க டிரைவர் விடுவதில்லை.